ஆவி பிடிக்கவும்

கோகிலவாணிக்குச் சளி என்றால் ஆகாது. கரப்பான் பூச்சியை மீசையைப் பிடித்துத் தூக்கி வெளியே போடுவாள், மூன்று நாள் மூடிக்கிடந்த சாம்பாரைத் திறந்து முகர்ந்துவிட்டு நிதானமாகக் கொட்டிக் கழுவுவாள், ஆனால் யாராவது தொண்டையின் அடியிலிருந்து ஒரு இழுப்பு இழுத்தால் அவளுக்கு அன்றைய சோறு போயிற்று. அப்படிப்பட்டவளைக் கொண்டுவந்து, மலையிலிருந்து இறங்கும் ஈரமெல்லாம் வந்து தங்குகிற மேட்டுப்பாளையத்தில், ஹவுசிங் யூனிட் சி பிளாக்கில், இரண்டாம் மாடியில் குடிவைத்திருந்தது விதி. இருபத்துநாலு வீடு, இருபத்துநாலு வாஷ்பேசின். ஐப்பசி பிறந்தால் தை முடியும்வரை விடிந்தால் ஒரே கச்சேரிதான். கீழ்வீட்டில் ஒருவர் எடுத்துக்கொடுப்பார், மேல்வீட்டில் ஒருவர் வாங்கிக்கொள்வார், நடுவில் அவள் கணவன் சம்பத் கண்ணாடி முன்னால் நின்று, கண்ணில் நீர் வழிய, குடலையே வெளியே கூப்பிடுகிறவன்போல ஒரு சத்தம் கொடுப்பான். சம்பத் உருளைக்கிழங்கு மண்டியில் எடை போடுகிறவன், குடி கிடையாது, கோபம் கிடையாது, வெளியூர் போனால் மறக்காமல் அவளுக்கு வர்க்கி பிஸ்கட் வாங்கி வருவான். எல்லாம் சரி. பதினாறு வருஷமாகியும் அந்தச் சத்தத்தை மட்டும் அவளால் மன்னிக்க முடியவில்லை.

அவள் எம்.ஏ. தமிழ். படித்த படிப்புக்கு வேலை வாய்க்காததால் வீட்டிலிருந்தபடியே மொழிபெயர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வாஷிங் மெஷின் கையேடு, மூட்டுவலித் தைலத்தின் அட்டை, குழந்தைச் சோப்பின் எச்சரிக்கை, வந்ததையெல்லாம் செய்வாள். அந்த வருஷம் ஐப்பசியில் சென்னையிலிருந்து ஒரு பெட்டி வந்தது. உள்ளங்கை அகலத்தில் ஒரு விளையாட்டுக் கருவி, இடது பக்கம் கூட்டல் குறிபோல ஒரு பொத்தான், வலது பக்கம் இரண்டு உருண்டைப் பொத்தான், நடுவில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய திரை. அதற்குள் வரும் வாசகங்களைத் தமிழில் எழுதித் தரவேண்டும், எழுத்துகள் திரைக்குள் அடங்குகின்றனவா என்று விளையாடியும் பார்க்கவேண்டும்.

விளையாட்டு இதுதான். முப்பத்தாறு சின்ன உருவங்கள் கீழ் மூலையிலிருந்து கிளம்பும். கிளம்பினால் நேரேதான் நடக்கும். சுவர் வந்தால் திரும்பும், பள்ளம் வந்தால் விழும், கை பட்டால் உடையும். நாம் பலகை போட்டு, பாலம் நீட்டி, மேல் மூலையில் விளக்கெரிகிற கதவுக்குள் அவற்றைக் கொண்டுசேர்க்க வேண்டும். முப்பத்தைந்து விழுந்து ஒன்றே ஒன்று கதவைச் சேர்ந்தாலும் போதும், விழுந்ததெல்லாம் எழுந்து அதன் பின்னால் வரும். ஆனால் விளக்கு அணைவதற்குள் வந்துவிட வேண்டும், வராதது வெளியில்தான். ஒன்றுகூடச் சேரவில்லையென்றால் எல்லாம் முடிந்தது.

அவற்றை என்னவென்று சொல்வது என்பதில் கோகிலவாணிக்கு இரண்டு நாள் போயிற்று. பேய் என்றால் பயம் வருகிறது, ஆன்மா என்றால் கல்யாண மண்டபத்துச் சொற்பொழிவு ஞாபகம் வருகிறது, உயிர் என்றால் அது நமக்கும் இருக்கிறது. கடைசியில் ஆவி என்று வைத்தாள். சொல் சின்னது, லேசானது, வாயிலிருந்து வரும்போதே பாதி காணாமல் போவது. அது சரியாகத்தான் இருந்தது. தவறு மூன்றாம் வாசகத்தில் நடந்தது. ‘விழும் ஆவியைத் தாங்கிப் பிடிக்கவும்’ என்று எழுதியிருந்தாள். பத்துக் கட்டத்துக்கு மேல் போகக்கூடாது என்று சென்னைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். ‘விழும்’ போயிற்று. ‘தாங்கி’ போயிற்று. ‘ஆவியைப் பிடிக்கவும்’ என்று நின்றபோதும் ஒரு கட்டம் இடித்தது. அவள் வேற்றுமை உருபையும் அதன் பின்னால் நின்ற ஒற்றையும் கிள்ளி எறிந்தாள். தொகைநிலை, இலக்கணத்தில் இடமுண்டு என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். ‘ஆவி பிடிக்கவும்’ கனகச்சிதமாக உட்கார்ந்தது.

விளையாட்டில் அவள் மகா மட்டம். ஒவ்வொரு தடவையும் விழுந்தன. விழும்போது ‘ச்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், புகாரே கிடையாது. பால் பொங்கி வழிய, குக்கர் எட்டு விசில் அடிக்க, அவள் கூட்டல் பொத்தானை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளை இல்லாத வீட்டில் முப்பத்தாறு பேரைக் கொன்றுகொண்டிருக்கிறோமே என்று அவளுக்கு நிஜமாகவே துக்கமாக இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு, மழை ஈரத்தில் திரை மூடுபனி பிடித்தாற்போல மங்கிவிட, நைட்டிமேல் போட்டிருந்த துண்டின் நுனியால் அவள் அதைத் துடைத்தாள். துடைத்த ஈரத்தோடு முப்பத்தாறும் துண்டில் ஏறி வெளியே வந்தன. கட்டைவிரல் உயரம், வெளுப்பு, சோறு வடிக்கும்போது வருமே, அந்த வாசனை. துண்டிலிருந்து மடிக்கு, மடியிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து தரைக்கு அவை வரிசையாக நடந்து இறங்கியபோது அவள் மனதில் வந்த முதல் நினைப்பு, வாசல் கதவைச் சாத்தியிருக்கலாமே என்பதுதான்.

சி பிளாக்கில் யாரும் அலறவில்லை. படியிறங்கி வந்தவற்றைப் பார்த்து, ஈசல் சீக்கிரம் வந்துவிட்டது என்றார்கள் சிலர். ஈசலுக்கு ஏது கால் என்றார்கள் வேறு சிலர். அசோசியேஷன் செயலாளர் நாச்சிமுத்து, பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் கேள்வி கேட்டுத்தான் ஏற்றிக்கொள்வார், அவர் வந்து குனிந்து பார்த்து, “இது நம்ம பிளாக்குதா, பி பிளாக்குலருந்து வந்துதா?” என்று கேட்டார். நம் பிளாக்தான் என்று தெரிந்ததும் அவருக்குத் திருப்தி. கீழ்வீட்டுத் திலகமணி ஒரு இட்லியைப் பிய்த்து வைத்துப் பார்த்தாள். முதல் மாடியில் ஒரு வீட்டில் சுற்றிலும் எறும்பு மருந்துக் கோடு கிழித்தார்கள். அன்று சாயங்காலத்துக்குள் ‘சி பிளாக் ஆவி’ என்று ஒரு வாட்ஸப் குழு தொடங்கியாயிற்று, மறுநாள் காலை அதில் பூப்போட்ட வணக்கமும் வந்தாயிற்று. ஆவிகளோ நேரே நடந்தன, மாடிச் சுவரின் விளிம்பில் நடந்தன, துணிக்கொடியில் நடந்தன, முடிகிற இடத்தில் விழுந்தன. முதல் நாளே ஏழு போயின. ஒவ்வொன்றும் விழுந்த இடத்தில் கண்ணீர்த்துளி அளவுக்கு ஓர் ஈரம் மட்டும் கிடந்தது.

“கோகிலா, நீதான படிச்சவ. இதுகள என்ன பண்றதுன்னு எதாச்சும் எழுதியிருக்குதா?” என்றார் நாச்சிமுத்து.

எழுதியிருந்தது. எழுதியதே அவள்தான். இருந்த பதற்றத்தில் விளையாட்டின் வாசகத் தாளை அப்படியே அச்செடுத்து, மோட்டார் ரூம் பக்கத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினாள். ஒன்று, கையால் தொடாதீர். இரண்டு, பாதை அமைக்கவும். மூன்று, ஆவி பிடிக்கவும். நாலு, இரண்டு வரியாக: ஒன்று சேர்ந்தால், விழுந்தது எழும்.

மழைக்காலத்தில், மூக்கடைத்த இருபத்துநாலு குடும்பம், தமிழில் எழுதியதைத் தமிழாகத்தானே படிக்கும். முதலில் படித்தவள் திலகமணி. ஏழு வருஷச் சைனஸ் அவளுக்கு. அண்டாவில் வெந்நீர் வைத்து, வாசலில் நடந்துபோன ஒன்றை முறத்தில் ஏற்றி உள்ளே விட்டு, கம்பளியால் தலையோடு மூடிக்கொண்டு, மூக்கால் ஒரே இழுப்பு. கம்பளியை விலக்கியபோது முகம் அம்மன் அபிஷேகம் முடிந்தாற்போலப் பளபளத்தது. அவள் வாசலில் நின்று, “அய்யோ சாமி, ரசத்துல பெருங்காயம் மணக்குது! நாலாவது வூட்டு ரசம்!” என்று கத்தியது மொட்டைமாடிவரை கேட்டது.

அதற்குப் பிறகு சொல்லவா வேண்டும். வீட்டுக்கு வீடு அண்டா ஏறியது. சொந்த வீட்டுக்காரர்கள் முதலில், வாடகைக்காரர்கள் அப்புறம் என்று நாச்சிமுத்து முறை போட்டார். வாடகைக்காரர்களுக்கு மட்டும் மூக்கு இல்லையா என்று சண்டை வந்து, பிறகு வயதுப்படி என்று மாற்றினார்கள். ஆவியைத் தொட்டால் உடையும் என்பதை ஒருவரும் மீறவில்லை, அந்த விஷயத்தில் படு ஒழுங்கு, ஒன்றாம் வாசகத்துக்கு அப்படி ஒரு மரியாதை. இழுக்கத்தான் செய்தார்கள். இழுத்தது நெஞ்சுக்குள் எட்டு நாள் இருக்கும். அந்த எட்டு நாளும் மூச்சு மலைக்காற்றுபோல ஓடும். ஒன்பதாம் நாள் விடிகாலையில் ஒரே ஒரு காறல், முத்துப்போல ஒரு கட்டி வந்து விழும், அத்தோடு பழைய அடைப்பு, அடுத்த ஆவிக்கு அலைச்சல்.

கோகிலவாணி அதைக் கீழே மோட்டார் ரூமுக்குப் பின்னாலிருக்கும் சாக்கடையில் பார்த்தாள். குப்பை கொட்டப் போனவள், பார்க்கக்கூடாதென்று நினைத்தபடியே பார்த்தாள். வெள்ளையாக ஒரு கட்டி, அதற்குள்ளிருந்து நீட்டிக்கொண்டு இரண்டு கால்கள், நூல் கனத்தில், நேரே நடந்துகொண்டிருந்தன. போக இடமில்லாமல், படுத்தவாக்கில் நடந்துகொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் நின்றன. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். எடுத்துவிட்டு நிமிர்ந்தபோது, பேரக்குழந்தையைக் குளிப்பாட்டி முடித்ததுபோன்ற நிறைவோடு திலகமணி மேலிருந்து ஒரு சொம்புத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றித் தள்ளிவிட்டாள்.

“என்ன கண்ணு, வயித்துக்குச் சேரலையா? ஒரு ஆவி புடிச்சிரு, எல்லாஞ் செரியாப் போயிரும்” என்றாள்.

இந்த மனுஷர்களோடா இத்தனை வருஷம் தீபாவளிப் பலகாரம் மாற்றிக்கொண்டோம் என்று கோகிலவாணிக்கு உடம்பெல்லாம் கூசியது. அதைவிடக் கூச வைத்தது சம்பத்தின் காலை. ஒருநாள் விடிந்தபோது வாஷ்பேசினில் சத்தமே இல்லை. பல் விளக்கி, முகம் துடைத்து, பூனைபோல வந்து பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தான். “பாத்தியா, சத்தமே இல்ல. உனக்குப் புடிக்காதுன்னுதானே கோகிலா, நேத்து மண்டிக்குப் போறதுக்கு முன்னால ஒண்ணு இழுத்துப்போட்டேன்” என்றான். பதினாறு வருஷத்தில் அவன் அவளுக்குக் கொடுத்த மிகப் பெரிய பரிசு அது. அவனிடமிருந்து சோறு வடிக்கும் வாசனை வந்தது. அவள் எழுந்து பால்கனிக்குப் போய் நின்றுகொண்டாள். ஆனால் அந்த அமைதி, கடவுளே, அது நன்றாகத்தான் இருந்தது.

தப்பைத் திருத்த வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. உருபை விட்டது யார், அவள்தானே. பேனாவை எடுத்துக்கொண்டு போய் மூன்றாம் வாசகத்தில் இரண்டு எழுத்தையும் மேலே செருகி, ‘ஆவியைப் பிடிக்கவும்’ என்று திருத்தினாள். இதற்கு மேல் தெளிவாகத் தமிழில் சொல்ல முடியாது என்று நம்பி மாடியேறினாள். அன்று மத்தியானமே சி பிளாக் முழுக்கக் கொசுவலையும், மாவு சல்லடையும், கவிழ்த்த பக்கெட்டுமாகத் துரத்திக்கொண்டு ஓடியது. தப்பி நடந்த பதினொன்று சாயங்காலத்துக்குள் பிடிபட்டு, முறை வரும்வரை பக்கெட்டுக்கு அடியில் காத்திருந்தன. ஐ போட்டாலும் பிடிப்பார்கள், எடுத்தாலும் பிடிப்பார்கள், இவர்களுக்கு எட்டு வேற்றுமையிலும் வயிறும் மூக்கும்தான் என்று அவள் பலகை முன்னால் நின்று பல்லைக் கடித்தாள்.

அவள் திரும்பச் சேர்க்கப் பார்க்கிறாள் என்று எப்படியோ தெரிந்துவிட்டது. இட்லித் தட்டும் அடிஸ்கேலும் வைத்து ஜன்னலிலிருந்து மேஜைவரை அவள் பாலம் கட்டியதை யாரோ பார்த்துக் குழுவில் போட்டுவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு கூடியது. கருவியை மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் தாளால் போர்த்தி, திரை கீழே பார்க்கும்படி கவிழ்த்து வைப்பது என்று ஏகமனதாகத் தீர்மானம். கையெழுத்துப் போடாத ஒரே ஆள் அவள். சம்பத் போட்டிருந்தான்.

கூட்டம் கலைந்ததும் நாச்சிமுத்து மட்டும் அவள் வாசலில் நின்றார். அடுத்த வீடுதான் அவருக்கு. அவர் மனைவி பழனியம்மாளுக்குப் பதினோரு வருஷமாக இளைப்பு; படுத்தால் மூச்சு நின்றுவிடும் என்று மூன்று தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவாள், அந்தக் கொல்லன் துருத்திச் சத்தம் சுவர் வழியாக இந்த வீட்டுக்குக் கேட்கும்.

“உனக்குக் கோவந்தான், தெரியுது” என்றார். “ஆனா அவ நேத்து மல்லாந்து படுத்துத் தூங்குனா, அம்மிணி. மல்லாந்து. நா பக்கத்துல உக்காந்து பாத்துட்டே இருந்தேன்.”

கோகிலவாணி உள்ளே போய்ச் சுவரோரம் நின்று கேட்டாள். சுவர் அன்று அமைதியாக இருந்தது. கோபத்தை யார்மேல் வைப்பது என்று தெரியாமல் போனது அவளுக்கு இன்னும் கோபம்.

அந்த வாரம் அவளுக்கே காய்ச்சல் வந்தது. தலை கனத்து, மூக்கு இறுகி, காதுக்குள் தண்ணீர் நின்றாற்போலக் கிடந்தாள். சம்பத் மண்டிக்கு லீவு போட்டுவிட்டு, ரயில்வே பாலத்துப் பக்கம் போய் நொச்சி பறித்து வந்து, பானையில் கொதிக்கவைத்து அவள் முன்னால் வைத்தான். “நொச்சிதான். வேறொண்ணுமில்ல. தைரியமாப் புடி” என்று சொல்லிப் போர்வையைப் போர்த்திவிட்டான். இருட்டுக்குள் சூடு முகத்தில் வந்து மோதியது. நொச்சியின் கசப்பு வாசனைக்கு அடியில், வேறொரு வாசனை இருந்தது. சோறு வடிக்கிற வாசனை. நொச்சிக்கு அந்த வாசனை கிடையாது. பதினாறு வருஷம் சமைத்தவளுக்கு அது தெரியாதா? போர்வையை விலக்கி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவள் கேட்கவில்லை. இழுத்தாள். தலைக்குள் அடைத்திருந்த கதவெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்துகொண்டன. அன்று சாயங்காலம்வரை வியர்த்து வியர்த்து நிம்மதியாகத் தூங்கினாள், எழுந்து இரண்டு தோசை சாப்பிட்டாள், நொச்சியைப் போல உண்டா என்று அவனிடமே சொன்னாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு சட்னி ஊற்றினான்.

காய்ச்சல் விட்ட ஐந்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, கார்த்திகை விளக்குக்கு அகல் எடுக்கப் பரண்மேல் ஏறியவள் அதைப் பார்த்தாள். இரண்டு சூட்கேஸுக்கு நடுவில், ஒரு முழ இடத்தில், ஓர் ஆவி நடந்துகொண்டிருந்தது. ஒரு சூட்கேஸை முட்டித் திரும்பி, மறு சூட்கேஸை முட்டித் திரும்பி, வந்த நாளிலிருந்து அங்கேயே நடந்திருக்கிறது. அடைபட்டதால் பிழைத்திருக்கிறது. பிளாக்கில் வெளியே நடக்கிற ஆவி வேறு ஒன்றுகூட இல்லை, மற்றதெல்லாம் நெஞ்சுக்குள் அல்லது சாக்கடையில். மெலிந்து, ஊடே பார்த்தால் சூட்கேஸின் பூட்டு தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருந்தது. இது விழுந்தால் முப்பத்தாறும் விழுந்ததுதான். இது சேர்ந்தால் முப்பத்தாறும் எழும்.

முறுக்கு டின்னைச் சாய்த்து வைத்தாள், அது நேரே நடந்து உள்ளே போயிற்று. டின்னின் வட்டத்தில் முட்டி முட்டி நடக்கும் சின்னச் சத்தத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, அறிவிப்புத் தாளின் இன்னொரு பிரதியைக் கையில் எடுத்துக்கொண்டு, மொட்டைமாடிக்கு ஏறினாள். அங்கே நாச்சிமுத்து நின்றிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு மோட்டார் போட்டுத் தொட்டி வழிகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. டின்னைப் பார்த்தார். பரிசோதகர் கண், அதற்குள் என்ன என்று கேட்கவே இல்லை.

“பழனியம்மாளுக்கு இன்னையோட எட்டு நாளாகுது” என்றார். “அந்த ஒண்ணக் குடுத்துரு, கோகிலா. கால்ல வேணும்னாலும் விழறேன்.”

அவர் அழுதிருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியாது. அழவில்லை, மூக்கு விடைக்க அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டிருந்தார். டின்னை நோக்கி முகம் தானாக நீண்டது. அதைப் பார்த்ததும் அவள் வாயில் பொய் வந்தது.

“அண்ணா, நாலாவது வாசகம் படிக்கலையா நீங்க?” தாளை நீட்டினாள். “ஒண்ணே ஒண்ணு கதவுக்குள்ள போனாப் போதும், விழுந்ததெல்லாம் எழும்னு போட்டிருக்குதுங்க. சாக்கடைல கெடக்கறதும் எழும். முப்பத்தாறு! அக்காவுக்கு வருஷம் பூரா ஆகும்.”

எழும் என்பது உண்மை. எழுந்து எங்கே போகும் என்பதை அவள் மொழிபெயர்க்கவில்லை.

நாச்சிமுத்து இரண்டு தடவை படித்தார். பிறகு அவரே போய்ப் பிளாஸ்டிக் தாளை விலக்கி, கருவியை நிமிர்த்தி, வேட்டி நுனி படாமல் கவனமாக அவள் முன்னால் வைத்தார். திரையில் காலிப் படிகள், மேல் மூலையில் மினுக்கிக்கொண்டு ஒரு விளக்கு. அவள் தாளை நீளவாக்கில் மடித்து, டின்னின் வாயிலிருந்து திரைவரை பாலமாகப் போட்டாள். இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். ஆவி ஒன்றாம் வாசகத்தின்மேல் நடந்து, இரண்டாம் வாசகத்தின்மேல் நடந்து, ‘ஆவி பிடிக்கவும்’ என்பதன்மேல் நடக்கையில் காகிதம் ஈரத்தில் தொய்ந்தது, அவள் நகநுனியால் தாங்கினாள். ஜென்மத்தில் அந்த விளையாட்டில் அவள் ஒன்றைக் கொண்டுசேர்த்தது அதுதான் முதல் தடவை. திரைக்குள் இறங்கி, ஏறி, கதவுக்குள் போயிற்று. மூலையில் ஒன்று என்று எண் விழுந்தது.

முதலில் தும்மியவர் நாச்சிமுத்து. பிறகு கீழே ஒருவர், அதற்குக் கீழே ஒருவர், பிறகு சி பிளாக் முழுக்க ஒரே சமயத்தில் தும்மியது, புறாக்களெல்லாம் எழுந்து மலைப்பக்கம் பறந்தன. மூக்கைப் பொத்தியவர்களும் தும்மினார்கள், துணிக்கிளிப் போட்டுப் பார்த்தவர்களும் கிளிப் தெறிக்கத் தும்மினார்கள். தும்மிய மூக்குகளிலிருந்தும், சாக்கடையிலிருந்தும், துணிக்கொடியின் கீழிருந்தும், மாடிச் சுவர் ஓரத்து ஈரத்திலிருந்தும் எழுந்தன. சளி ஒழுக, கோழை வழிய, ஆனால் தலை நிமிர்ந்து, படிகளில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வந்தன. பின்னாலேயே சொம்பும் சல்லடையுமாகச் சனம் வந்தது. ஆனால் தும்முகிற கையால் எதைப் பிடிப்பது? காகிதப் பாலத்தில் வரிசையாக ஏறி உள்ளே போனதை, ஒழுகுகிற மூக்கோடு நின்று பார்த்தார்கள். சம்பத்தும் நின்று பார்த்தான்.

“அவளுக்கு வருஷம் பூரா ஆகும்னுதான சொன்ன” என்றார் நாச்சிமுத்து. சத்தமே இல்லாமல் சொன்னார். இரண்டாம் மாடியிலிருந்து அந்தத் துருத்திச் சத்தம் தொடங்கிவிட்டிருந்தது. அவர் அவளைப் பார்க்காமல் படியிறங்கிப் போனார், தலையணைகளை அடுக்குவதற்கு. அந்தச் சத்தத்தைத் தன் கையாலேயே திரும்பக் கொண்டுவந்தோம் என்று கோகிலவாணிக்கு நெஞ்சு கனத்தது. கனத்த நெஞ்சில் ஏதோ முட்டியது.

திரையின் மூலையில் எண் முப்பத்தைந்தில் நின்றிருந்தது. விளக்கு இழுத்து இழுத்து எரிந்தது.

“இன்னொண்ணு யாரோ வெச்சிருக்கீங்க” என்றாள் திலகமணி. ஆளுக்கு ஆள் வாயைத் திறந்து காட்டினார்கள், நாக்கை நீட்டிக் காட்டினார்கள், மூக்கை நிமிர்த்திக் காட்டினார்கள். எல்லோரும் தும்மியாயிற்று, எல்லோரும் அடைத்துக்கொண்டு நின்றார்கள். அந்த மாடியில் தெளிவாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தவள் ஒருத்திதான். சம்பத் அவளைப் பார்த்தான், உடனே தொட்டியைப் பார்த்தான்.

அவளுக்கு மற்றவர்களைப்போல நாள்பட்ட சளி இல்லை, தும்மல் வராது. உள்ளே அது விலா எலும்பை முட்டித் திரும்பி, மறு விலாவை முட்டித் திரும்பி நடந்துகொண்டிருந்தது; இந்த ஐந்து நாளும் அதைத் தன் இதயத் துடிப்பென்று அவள் நம்பியிருந்தாள், நம்ப ஆசைப்பட்டிருந்தாள். நல்ல மூச்சு அது. மழைவாசனையும் தைலமரத்து வாசனையும் நுரையீரலின் கடைசி மூலைவரை போகிற மூச்சு. அவள் உதட்டை இறுக்கி மூடினாள். விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தது. ஒரு கணம்தான். ஆனால் அந்த ஒரு கணத்தில் அவள் திலகமணியாகவும், சல்லடைக்காரர்களாகவும், மூக்கு விடைத்த நாச்சிமுத்தாகவும் இருந்தாள், அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. இத்தனை நாள் ஊர்மேல் பட்ட அருவருப்பெல்லாம் ஒன்றுசேர்ந்து அவள் வாய்க்கே வந்து நின்றது.

அவள் கருவியை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, சி பிளாக் மொத்தமும் பார்த்திருக்க, தொண்டையின் அடியிலிருந்து காறினாள். வரவில்லை. பழக்கமில்லாத தொண்டை. மறுபடி காறினாள். கண்ணில் நீர் முட்டியது.

“மேலால காறாத கண்ணு” என்றாள் திலகமணி, மூக்கடைத்த குரலில், உண்மையான அக்கறையோடு. “வயித்த எக்கி, அடியிலருந்து இழு. ஆ, அப்புடித்தான். உங்கூட்டுக்காரரு காலைல இழுப்பாரே, அந்த மாதிரி.”

அந்த மாதிரியே இழுத்தாள். குடலையே வெளியே கூப்பிடுகிற அந்தச் சத்தம், அதே ஏற்றம், அதே இறக்கம், அவள் வாயிலிருந்து வந்தது; திரையின்மேல் துப்பினாள். கோழைக்குள்ளிருந்து இரண்டு கால் நீண்டு, ஊன்றி, எழுந்து, அவள் பக்கம் திரும்பாமல் நேரே நடந்து கதவுக்குள் போனது. எண் முப்பத்தாறானது. விளக்கு அணைந்தது.

இருண்ட திரையில் அவள் சளி மட்டும் வழிந்துகொண்டிருந்தது. பழக்கத்தில் கை துண்டின் நுனியைத் தேடிப் போயிற்று. பாதி வழியில் நிறுத்திக்கொண்டாள். சம்பத் பக்கத்தில் வந்து நின்று ஒருமுறை மூக்கை உறிஞ்சினான். அவள் முகத்தைத் திருப்பவில்லை. திரையைத் துடைக்கவும் இல்லை.